அரை மணி நேரம் கொதிக்க வேண்டும்

1

அக்கா வீட்டு ஃப்ரீசரில் வரிசையாக நிற்கவைத்திருந்த பீன்ஸ் கவர்களைப் பார்த்த ஒரு மத்தியானம் இந்தக் கதை எனக்குத் தோன்றியது என்று முதல் வாக்கியத்தை எழுதியிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய் எப்போதும் படிக்க நன்றாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக ஒரு வார இதழில் மற்றவர்கள் எழுதுவதை வெட்டிச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன், நம்பலாம்.

உண்மையில் இந்தக் கதை, ஒரு சமையல் குறிப்பிலிருந்து நான் வெட்டி எறிந்த வரியில் பிறந்தது. அந்த வரி இது: 'அடுப்பை அணைப்பதற்கு முன் சிவப்பு பீன்ஸ் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.'

இந்த மாதிரி விஷயத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்து வாசகரை ஏங்கவிட வேண்டும் என்பது கதை எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, தைரியமும் இல்லை. உங்களில் யாராவது இதைப் பாதியில் மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போகலாம். அதனால் கீழே உள்ள குறிப்பைப் படித்துவிட்டுப் போங்கள்.

[குறிப்பு: காய்ந்த சிவப்பு பீன்ஸை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகு எப்படி வேண்டுமானாலும் வேகவைத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கொதிக்காத சிவப்பு பீன்ஸில் ஒரு நச்சு இருக்கிறது. வெறுமனே சூடு காட்டினால் அது போகாது, அதிகமாகவும் செய்யும். நான் ஒழுங்காக எழுதிய ஒரே சமையல் குறிப்பு இதுதான்.]

2

அதைத் தவிர இன்னும் மூன்று தொடக்கங்கள் இருந்தன. மூன்றையும் கிழிக்காமல் இங்கே வைக்கிறேன்.

முதலாவது: 'பம்பு உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஓய்வு நாள் அல்ல, அது' — இங்கே நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு வாக்கியம் கிளம்பினால் அடுத்து ஏதாவது கவிதை வந்து நிற்கும். அக்காவுக்கு ஞாயிறு ஓய்வு நாள்தான். ஓய்வு நாளில் பீன்ஸ் வேகவைப்பாள். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது: 'ஓர் ஊரில் ஓர் அக்காவும் ஒரு தம்பியும் இருந்தார்கள். அக்கா சமைத்தாள். தம்பி' — தம்பி என்ன செய்தான்? சாப்பிட்டான். நாற்பத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். இதை வைத்துக்கொண்டு எப்படிக் கதையை நகர்த்துவது?

மூன்றாவது, கடிதம். 'அன்புள்ள அக்கா, உனக்கு மறதி இல்லை' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் 'அன்புள்ள' போட்டதில்லை. அதை அடித்தேன். 'அக்கா, உனக்கு மறதி இல்லை' என்று மிஞ்சியது. இதற்குமேல் ஒரு சொல்கூடத் தேவையில்லாத தொடக்கம் அது. மடித்து உறையில் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது. அதனால்தான் அதை ஓரமாக வைத்துவிட்டு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

3

அக்காவைச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்து ஆறு வருடம். மகள் வெளியூரில் படிக்கிறாள். பத்தொன்பது வருடமாக ஒரு பம்பு உதிரிபாகக் கிடங்கில் வேலை. தேய்ந்துபோன வாஷரையோ உடைந்த சீல் வளையத்தையோ யாராவது கொண்டுவந்து கவுண்டரில் வைத்தால், கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். "நாலாவது வரிசை, கீழ்த்தட்டு, மூணாவது டப்பா" என்பாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். கணினி வந்த பிறகும் முதலாளி அவளைத்தான் கேட்டார். கணினி பதில் சொல்ல நேரமாகும் என்பார்.

மகளின் படிப்புச் செலவு ஏறியபோதுதான் பீன்ஸ் வீட்டுக்குள் வந்தது. வெந்த பீன்ஸை டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, அந்த ஒரு டப்பா காசுக்குக் காய்ந்த பீன்ஸ் நாலு மடங்கு வரும். ஆனால் ஊறப்போட வேண்டும், மணிக்கணக்காக வேகவிட வேண்டும், வேலைக்குப் போகிறவளால் தினமும் முடியாது. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாளி பீன்ஸை ஊறப்போடுவாள். மறுநாள் தண்ணீர் மாற்றி, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஒரு கம்பளியில் சுற்றி, கிடங்கில் மோட்டார் வந்த தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி மூடிவிடுவாள். அடைபட்ட சூட்டிலேயே மத்தியானத்துக்குள் மீதி வெந்துவிடும். கேஸ் மிச்சம். ஆறியதும் அளந்து கவரில் போட்டு, காற்றைத் தட்டி வெளியேற்றி, தட்டையாக்கி, கிடங்கில் ஒட்டுகிற அதே லேபிளை ஒட்டுவாள். சி.பீ., இரண்டு கரண்டி, தேதி.

ஃப்ரீசர், மூடிவிட்ட ஓர் ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கியது. சுரண்டியும் போகாத ஐஸ்கிரீம் படம் ஒன்று அதன் பக்கவாட்டில் இன்னும் இருக்கிறது. உள்ளே கவர்கள் புத்தகம் மாதிரி நிற்கும். "உன் லைப்ரரிய விட என் லைப்ரரி பெரிசுடா. இதுல இருக்கறத எல்லாரும் தின்னுட்டுத்தான் வைப்பாங்க" என்பாள்.

எங்கள் இதழில் 'சிக்கனச் சமையலறை' என்று ஒரு பக்கம் உண்டு. அந்த வாரம் எழுத வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு ஞாயிறு காலை நான் அக்கா வீட்டுக்குப் போய், போனில் பதிவை ஓடவிட்டு, பேசச் சொன்னேன்.

"இது ஓடுதாடா?"

"ஓடுதுக்கா. பேசு."

"பேசுன்னா? நான் என்ன கூட்டத்துலயா பேசறேன். கேளு, சொல்றேன்."

கேட்டேன், சொன்னாள். ஊறாத பீன்ஸும் சொன்ன பேச்சு கேக்காத புருஷனும் ஒண்ணு, எவ்வளவு எரிச்சாலும் வேகாது என்று சொல்லிவிட்டு, ஐயோ இத எழுதிடாத என்றாள். பிறகு பத்தொன்பதாவது நிமிடத்தில் இது வருகிறது:

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. கொதி வந்ததும் நிறுத்திடக் கூடாது. அரை மணி நேரம், கடிகாரத்தப் பார்த்து. பச்ச பீன்ஸ், பயறு மாதிரி இல்லடா சிவப்பு பீன்ஸ். வயித்தப் பொரட்டிப் போட்டுடும். இத மொதல்ல எழுது. பெரிசா எழுது."

"சரிக்கா" என்று ஒரு குரல் கேட்கிறது. அது என் குரல்.

4

இதழில் அந்தப் பக்கத்தில் அக்காவின் படம் பெரிதாக வந்தது. ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மேலே நான் வைத்த தலைப்பு: 'ஒரு கொதி, ஒரு வாரம்'. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். என்னை அங்கே 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரி கை வைத்தால் கட்டுரை மூச்சுவிடும் என்று ஆசிரியரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

பக்கம் அமைத்தபோது இரண்டு வரி மிஞ்சியது. எதையாவது எடுக்க வேண்டும். கட்டுரையில் என் சொந்தச் சரக்காக ஒரு வாக்கியம் இருந்தது: 'உறைந்த பீன்ஸ் என்பது நாளைய பசிக்கு இன்றே எழுதிவைத்த பதில்.' இதன் அர்த்தம் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். எழுதும்போது பிரமாதமாகத் தெரிந்தது. இதை எடுத்திருந்தால் சரியாக இரண்டு வரி குறைந்திருக்கும்.

நான் அதை எடுக்கவில்லை. அரை மணி நேரத்தை எடுத்தேன். 'கொதி வந்ததும் அடுப்பை அணைத்து' என்று மாற்றினேன். தலைப்போடு அது கச்சிதமாகப் பொருந்தியது. 'ஒரு கொதி' என்று மேலே போட்டுவிட்டுக் கீழே அரை மணி நேரம் என்றால் இடிக்கிறது அல்லவா? ஓசைக்காகச் செய்தேன். பத்து விநாடிகூட யோசிக்கவில்லை.

(இந்த இடத்தில் 'விதி' என்ற சொல்லைப் பயன்படுத்தி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது.)

அக்கா இதழை வாங்கிப் படத்தைப் பார்த்தாள், மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள், மடித்து அலமாரியில் வைத்தாள். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. தான் சொன்னதுதானே, தம்பி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

5

அக்கா குடியிருப்பது இரண்டாவது மாடி. கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா, மாமனாரோடு இருக்கிறார். அக்காவின் படம் வந்த பக்கத்தைக் கத்தரித்து மெஷினுக்கு மேலே ஒட்டிக்கொண்டவர் அவர். இரண்டு கிலோ சிவப்பு பீன்ஸ் வாங்கி, ஊறவைத்து, கொதி வந்ததும் அணைத்து, தைத்து மிஞ்சிய துணிகளில் பாத்திரத்தைச் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறார். எழுதியிருந்ததில் ஒன்றையும் விடவில்லை. ஏழு கவர் கட்டினார். மூன்றாம் நாள் ஒன்றை எடுத்துச் சுடவைத்து இருவரும் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி பிடித்துக்கொண்டது. தையல்காரம்மா தாங்கிக்கொண்டார். மாமனார் குளியலறையில் விழுந்துவிட்டார்.

வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அக்காதான். பெரியவருக்கு மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள், படுக்கைக்குப் பக்கத்தில் தையல்காரம்மாவோடு உட்கார்ந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா கேட்டாள்: "எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டே?"

"கொதி வந்ததும் நிறுத்திட்டேன்க்கா. நீங்க அப்பிடித்தான சொல்லியிருந்தீங்க?"

6

இந்தப் பகுதியை நான் ஒன்பது முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் தம்பிக்குக் கொஞ்சம் நல்ல பேர் வந்துவிடுகிறது. ஒன்றில் அவனுக்குத் தலைவலி. ஒன்றில் அலுவலகத்திலிருந்து போன் வந்து பேச்சு தடைபடுகிறது. ஒன்றில் அவன் சொல்ல வாயெடுக்கிறான், அக்கா அழ ஆரம்பித்துவிடுகிறாள். எதுவும் நடக்கவில்லை. நடந்தது இது.

அக்கா மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையில் இதழ்.

"டேய், அரை மணி நேரம் கொதிக்கணும்னு நான் உன்கிட்ட சொன்னேனா, சொல்லலயா?"

சொன்னே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

"அந்தப் பதிவு இருக்குமே, போட்டுப் பாரேன்."

"போன் மாத்தினேன்ல. அழிஞ்சுபோச்சு."

அழியவில்லை. இந்தக் கதையை எழுதுகிற இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. நாற்பத்தொரு நிமிடம்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இதழை மடியில் விரித்து, தன் படத்துக்குக் கீழே இருந்ததை ஒருதரம் விரல் வைத்துப் படித்தாள்.

"அப்ப நான்தான் விட்டிருக்கேன்" என்றாள். இதழை மூடிவிட்டு, "சொன்ன மாதிரியே இருக்குடா எனக்கு. அடுப்புப் பக்கம் திரும்பி நின்னு சொன்ன மாதிரி. அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவா. சாவிய உன் கைலதான குடுத்தேன்னு."

அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் மறதி ஆரம்பித்தது. அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள், பிறகு வீட்டு வழியை, பிறகு எங்களை. ஏழு வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டாள். நான் மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போவேன். கடைசி வருடம் அம்மா என்னைப் பழக்காரன் என்றே நினைத்துக்கொண்டாள். வருபவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரித்ததில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில், எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் சர்க்கரை போதும் என்றாள்.

7

என் ஆசிரியர் இந்தக் கதையில் ஒரு வில்லனாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாதி எழுதியும்விட்டேன். 'வெற்றிலைச் சிவப்பேறிய உதடுகளில் ஏளனம்' — அவர் வெற்றிலை போடமாட்டார். நல்ல மனிதர். மகளின் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வாங்கித் தருகிறவர். பேசியது மட்டும் இப்படி:

"யாராவது கேஸ் போட்டிருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்பறம் என்ன?"

"திருத்தம் போடணும் சார்."

"திருத்தம் போட்டா தப்பு நம்மளதுன்னு ஆயிடும். அந்தம்மா சொன்னதத்தான போட்டோம்?"

"ஆமா சார்" என்றேன்.

இரண்டாவது முறை. முதல் பொய்க்காவது எழுந்துபோய்க் காப்பி போட்டேன். இதற்கு அதுவும் இல்லை. சோற்றில் முழுப் பூசணிக்காயை மறைக்க முடியாது என்று யார் சொன்னது? சோறு போடுகிறவரும் சேர்ந்து மறைத்தால் தாராளமாக மறைக்கலாம்.

அடுத்த இதழின் நாற்பதாம் பக்கத்தில், கட்டம் கட்டி ஒரு வரி வந்தது: 'பீன்ஸ் வகைகளை நன்கு வேகவைத்து உண்பது நலம்.' அதையும் என்னிடம்தான் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நின்றேன். ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார்.

"மனசு கஷ்டமா இருந்தா ஒரு கதையா எழுதிக் குடுய்யா. கதைன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. ஆண்டு மலர்ல போட்டுடலாம்."

ஆக, இந்தக் கதை பிறந்த கதை இதுவும்தான். முதல் பகுதியில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே சொன்னால் நீங்கள் மேலே படித்திருக்க மாட்டீர்களோ என்று பயந்தேன்.

8

ஒரு பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்றால் எங்கள் தொழிலில் 'காரணம் போதவில்லை' என்று ஓரத்தில் எழுதுவோம். இந்தத் தம்பிக்குக் காரணம் போதவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா? கொஞ்சம் உண்டு. இந்த வயதில் வேறெங்கே போய் யாருடைய வாக்கியத்தை வெட்டுவது? ஆனால் அது மட்டும் இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அக்கா "என் தம்பி எழுத்தாளன்" என்பாள். அவளிடம் போய், நான் ஒரு தலைப்பின் ஓசைக்காக உன் வாயை அடைத்தேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. இது ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வேறு இல்லாததால் இதை வைத்திருக்கிறேன்.

தம்பியை விடுங்கள். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

முதலில் பழம் வாங்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். தையல்காரம்மா தங்கமான குணம். "பரவாயில்லக்கா, வயசானா எல்லாருக்கும் வர்ற மறதிதான்" என்று தேற்றினார். அந்தத் தேறுதல் அக்காவை எப்படிக் குத்தியிருக்கும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

பிறகு வீடு முழுக்க லேபிள் முளைத்தது. 'கேஸ் மூடு.' 'குழாய் மூடு.' 'மருந்து சாப்பிட்டாச்சு, மறுபடி சாப்பிடாதே.' பூட்டிய கதவைப் படியிறங்கிய பிறகு ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பாள். ஃப்ரீசரைக் காலிசெய்து, கழுவித் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்துவிட்டாள். தான் சமைத்ததை யாரும் சாப்பிட வேண்டாம் என்றாள். மகள் விடுமுறைக்கு வந்தபோது கடையில் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கிடங்கு. ஒருவர் பழைய சீல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அக்கா பார்த்ததும் ஆறாவது வரிசை என்று சொல்லிவிட்டு, உடனே தன்மேலேயே சந்தேகம் வந்து, இல்லை ஒன்பது என்று மாற்றியிருக்கிறாள். ஆறுதான் சரி. தவறான சீல் போய் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் செய்த முதல் தவறு, முதலில் தோன்றிய சரியான பதிலை நம்பாமல் போனது. அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கிடங்குச் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது" என்றாராம்.

"எனக்கு ஆரம்பிச்சிருச்சு சார். பெரிசா ஏதும் ஆகறதுக்குள்ள வேற ஆளப் பாத்துக்குங்க."

இதை என்னிடம் போனில் சொன்னாள். "நீ சொல்லித்தான்டா எனக்கே தெரிஞ்சுது. இல்லன்னா நான் பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கேன்னு சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். எனக்கு நன்றி சொன்னாள். இதை மீண்டும் ஒருமுறை எழுதுகிறேன், நான் தப்பிக்காமல் இருக்க: எனக்கு நன்றி சொன்னாள்.

9

முடிவுகள்.

அ) தம்பி அக்கா வீட்டுக்குப் போகிறான். பதிவை ஓடவிடுகிறான். பத்தொன்பதாவது நிமிடத்தில் அக்கா கையில் கிடைத்த கரண்டியால் அவன் முதுகில் நாலு போடுகிறாள். பிறகு அழுகிறாள். பிறகு தட்டு எடுத்து வைத்து, "தின்னுட்டுப் போ, சனியனே" என்கிறாள். இந்த முடிவில் வாசகர்கள் தம்பியை மன்னித்துவிடுகிறார்கள். அதனால்தான் எனக்கு இது பிடிக்கவில்லை.

ஆ) தம்பி போனைத் தவறவிடுகிறான். அக்கா மகள் கையில் அது கிடைக்கிறது. அவள் எதேச்சையாகப் பதிவைக் கேட்கிறாள். எல்லாம் தெரிந்துவிடுகிறது. இதில் எனக்கு எந்த வேலையும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

இ) அக்காவுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். அம்மாவுக்கு வந்தது அவளுக்கும் வந்திருப்பது உறுதியாகிறது. ஆகவே தம்பி சொன்னது கிட்டத்தட்ட உண்மையாகிவிடுகிறது. இந்த முடிவு தோன்றியபோது ஒரு கணம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாக யாரும் எழுதிவிட முடியாது. நானே எழுதிவிட்டேன்.

ஈ) மலரில் இந்தக் கதை வெளிவந்து, அக்கா படித்து, தானே தெரிந்துகொள்கிறாள். நடக்காது. என் கதைகளை அவள் படிப்பதில்லை. ஒன்றைப் படித்துவிட்டு, "உன் கதைல ஒருத்தராவது கேட்டதுக்கு நேரா பதில் சொல்றாங்களாடா?" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

10

மேலே உள்ளதெல்லாம் போன வாரமே எழுதிவிட்டேன். இது மட்டும் இப்போது எழுதுவது. இடம், ஒரு மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவு, காத்திருக்கும் கூடம். தரையோடு திருகிய நாற்காலிகள். சுவரில் ஓடாத தொலைக்காட்சி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். துணைக்கு வா என்று கூப்பிட்டாள், வந்திருக்கிறேன். கதைத்தாள்களைப் பையில் வைத்திருந்தேன். ஆசிரியர் நாளைக்குள் கேட்டிருக்கிறார், முடிவு வேண்டும் என்று.

"என்னடா எழுதறே?"

"கதைக்கா."

"இங்க வந்துமா" என்றாள். என்ன கதை என்று கேட்கவில்லை.

செவிலியர் வந்து ஒரு படிவம் கொடுத்தார். 'உடன் வந்திருப்பவர் நிரப்ப வேண்டியது' என்று மேலே போட்டிருந்தது. 'மறதியை முதலில் எப்போது கவனித்தீர்கள்? ஒரு சம்பவத்தை எழுதவும்.' கீழே மூன்று கோடு. அதற்கும் கீழே, கையெழுத்து.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். ஒருவரைக் கூப்பிட்டார்கள். இன்னொருவரைக் கூப்பிட்டார்கள்.

"என்னத்த யோசிக்கறே?" என்றாள் அக்கா. "பீன்ஸ் விஷயத்தையே எழுது. அதுதான மொதல்ல நடந்தது."

"எழுதறேன்."

"பக்கம் பக்கமா எழுதறவனுக்கு மூணு வரி வரலயா? குடு இப்பிடி."

வாங்கி, மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து, நிறுத்தாமல் எழுதினாள். மூன்று கோட்டுக்குள் பொடிப்பொடியாக, லேபிளில் எழுதுகிற அதே எழுத்து. எழுதி என் கையில் கொடுத்தாள். அவள் எழுதியதை ஒரு சொல் வெட்டாமல் தருகிறேன்:

'மூன்று மாதம் முன்னால் ஏழாம் தேதி ஞாயிறு, காலை பத்தரை. தம்பி பச்சைக் கோடு போட்ட சட்டை. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தான். ஊறவைப்பது சொன்னேன். தண்ணீர் மாற்றுவது சொன்னேன். நடுவில் தண்ணீர்க் கேன்காரர் மணி அடித்தார், ரெண்டு கேன் வாங்கிவிட்டு வந்தேன். ஆறவைப்பது, கவரில் காற்று எடுப்பது சொன்னேன். அரை மணி கொதிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.'

பதிவை எத்தனையோ தடவை கேட்டவன் நான். தேதி சரி. சட்டை சரி. கேன் இரண்டுதான். கடைசி வாக்கியத்தைத் தவிர ஒரு பிசகு இல்லை.

"சரியாயிருக்கா பாரு" என்றாள். "சரியா இருந்தா கீழ கையெழுத்துப் போடு. கூட வந்தவங்கதான் போடணுமாம்."

கதவைத் திறந்து எங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். என்னைப் பார்த்து, "போட்டியாடா?" என்கிறாள். படிவம் என் முழங்கால்மேல் இருக்கிறது. போன் சட்டைப்பையில் இருக்கிறது. பேனா கையில் இருக்கிறது, இந்த வரியை எழுதிக்கொண்டு.

ஆசிரியருக்கு முடிவு வேண்டும். உங்களுக்கும் வேண்டியிருக்கும். இந்த வரிக்குப் பிறகு நான் பேனாவை மூடியிருப்பேன், அல்லது கையெழுத்துப் போட்டிருப்பேன். எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டேன் என்று இங்கே ஒரு வரி சேர்ப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. இவ்வளவும் படித்த பிறகு, நான் சொன்னால் நம்புவீர்களா?